உப்பைக் கழுவிய பிறகே பெயிண்ட்



நாகூர்ப் பக்கத்தில் தாத்தா காலத்து இரும்புக் கட்டில், டிரங்குப் பெட்டி, நெல் கொட்டும் பத்தாயம் எதையும் கடல் காற்று சும்மா விடுவதில்லை. "வருஷா வருஷம் பெயிண்ட் அடிக்கிறோம் சார், பொக்குப் பொக்காகக் கிளம்பிடுதே" என்கிறீர்கள். நானும் ஏமாந்தவன்தான். 2018 நவம்பரில் கஜா புயல் அடித்து ஓய்ந்ததும், வீட்டுக் கட்டிலின் துருவைச் சுரண்டி அன்றைக்கே பெயிண்ட் அடித்தேன். அடுத்த ஐப்பசி மழைக்குள் அத்தனையும் கொப்பளித்துவிட்டது.

குற்றம் பெயிண்டில் இல்லை. துருக் குழிகளுக்குள் உப்பு தங்கிவிடுகிறது. அது காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துக்கொண்டு, பெயிண்டுக்கு அடியிலேயே இரும்பைத் தின்கிறது. 2004 சுனாமியில் கடல்நீர் ஏறிய வயல்களில் நல்ல தண்ணீரைக் கட்டிக் கட்டி வடித்தார்களே, அதே வைத்தியம்தான் இதற்கும்.

கம்பிப் பிரஷால் தேய்த்து, நல்ல தண்ணீர் ஊற்றி நாலைந்து தடவை கழுவுங்கள். கரிக்கிற போர் தண்ணீர் உதவாது. மழைத் தண்ணீர் உத்தமம். ஒரு ராத்திரி காற்றாட விடுங்கள். காலையில் மேலாக லேசான செம்மை படர்ந்திருந்தால் பயமில்லை. குழிகளில் மட்டும் கருஞ்சிவப்பாக வியர்த்திருந்தால் உப்பு இன்னும் போகவில்லை, மறுபடி கழுவ வேண்டியதுதான். பிறகு உப்புத்தாள் (பேரில்தான் உப்பு!) போட்டு, வெயிலில் நன்றாகக் காயவைத்து, அன்றே ரெட் ஆக்சைடு பிரைமர் ஒரு பூச்சு, அது காய்ந்தபின் எனாமல் இரண்டு பூச்சு. இதற்குப் பங்குனி, சித்திரை தோது.

பழைய பெயிண்டை மட்டும் உலர்வாகத் தேய்க்காதீர்கள். அதில் ஈயம் இருக்கலாம். வீட்டு பெயிண்டில் பத்து லட்சம் பங்குக்கு 90 பங்குக்கு மேல் ஈயம் கூடாது என்ற விதி 2017 நவம்பரில்தான் நம் நாட்டில் அமலுக்கு வந்தது. நனைத்துத் தேய்த்தால் தூள் பறக்காது. குழந்தைகள் பக்கத்தில் வரவே கூடாது.

பத்தாயத்தை நிழலில்தான் உலர்த்த வேண்டும். சுள்ளென்ற வெயிலில் பலகை வெடிக்கும். கால்களுக்கடியில் கருங்கல் கொடுங்கள், தரை ஈரம் ஏறாது. கரையானுக்குப் பயந்து சிலர் உள்ளே கழிவு ஆயில் பூசுகிறார்கள். சாப்பிடுகிற நெல்லையல்லவா கொட்டப் போகிறீர்கள்? உள்ளே எதுவும் வேண்டாம். வெளிப்புறத்துக்கு ஆளிவிதை எண்ணெய் மெல்லிசாகத் தேய்த்து, மிச்சத்தைத் துடைத்துவிட்டால் போதும்.

அந்த எண்ணெய்த் துணியைச் சுருட்டி மூலையில் போடாதீர்கள். ஈர வைக்கோல் போர் உள்ளுக்குள் சூடேறுவது போல, அதுவும் தானாகச் சூடேறித் தீப்பிடிக்கும். தண்ணீரில் நனைத்து, திறந்த வெளியில் விரித்துப் போடுங்கள்.