பித்தளைக் குழாய் ஏன் உடைகிறது?

சுபஹுக்கு வுழுச் செய்யக் குழாயைத் திருகுகிறீர்கள். கைப்பிடி கையோடு வந்துவிடுகிறது. இரவு நிரப்பிய தாங்கித் தண்ணீர் முழுதும் முற்றத்தில் ஓடுகிறது. "பிள்ளைகள் முரட்டுத்தனமாகத் திருகியிருக்கும்" என்று அவர்களை ஏசாதீர்கள். முறிந்த இடத்தைப் பாருங்கள். மஞ்சளாக இருக்க வேண்டிய பித்தளை செங்கல் நிறத்தில் இருந்தால், குற்றம் பிள்ளைகளுடையதல்ல.

பித்தளை என்பது செம்பும் நாகமும் கலந்த உலோகம். மலிவான குழாய்களில் நாகம் நூற்றுக்கு நாற்பது வரை இருக்கும். உப்புச் சேர்ந்த நீர் இந்த நாகத்தை மட்டும் மெல்ல மெல்லக் கரைத்தெடுக்கிறது. எஞ்சுவது பஞ்சுபோன்ற செம்பு. வடிவம் மாறாது, வலிமைதான் போய்விடும். மேலே வெள்ளி நிறப் பூச்சு மினுங்குவதால் நமக்கு ஒன்றும் தெரிவதில்லை.

கற்பிட்டிக் குடாநாட்டின் மணலுக்கடியில் நல்ல நீர், உவர் நீரின் மேல் மிதக்கும் ஒரு மெல்லிய படலம். வெங்காயத்துக்கும் மிளகாய்க்கும் மோட்டார் போட்டு அளவுக்கு மீறி இறைத்தால் அடியிலுள்ள உப்பு மேலே ஏறுகிறது. கடற்கரை வீடுகளில் குழாய் நீடிக்காததற்கு இது ஒரு முக்கிய காரணம்.

1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து வெறுங்கையோடு வந்து, புத்தளத்து ஓலைக் குடிசைகளில் வருடக் கணக்காகக் குடம் சுமந்த சகோதரிகளுக்கு, வீட்டுக்குள் ஒரு குழாய் என்பது சின்ன விடயமா? அது ஒழுகினால் மனம் எப்படி வலிக்கும்!

இதற்கு மாற்று உண்டு. நாகம் கரையாதபடி கலவை திருத்திய பித்தளையில் சி.ஆர். அல்லது டி.இசட்.ஆர். என்ற ஆங்கில எழுத்துகள் பொறித்திருக்கும். ஐ.எஸ்.ஓ. 6509 என்ற சர்வதேசச் சோதனையில், 75 பாகை செல்சியஸ் சூட்டில் செப்புக் குளோரைட்டுக் கரைசலில் 24 மணி நேரம் ஊறவைத்து, அரிப்பு எவ்வளவு ஆழம் போனது என்று பார்ப்பார்கள். விலை கூடத்தான். எல்லா இடத்துக்கும் வேண்டாம். சுவருக்குள் புதையும் மூட்டுகளுக்காவது இதையே வாங்கித் தரும்படி பைப் பாஸிடம் சொல்லுங்கள். வெளிக் குழாய்க்குப் பிளாஸ்டிக் போதும், வெயில் படாமல் இருந்தால்.

இன்னொன்று. சாதாரண பித்தளையில் ஈயமும் சிறிது சேர்ப்பதுண்டு. இரவெல்லாம் குழாயில் தேங்கிய நீரில் அது கரைந்திருக்கலாம். குடிநீரில் ஈயம் லீற்றருக்கு 0.01 மில்லிகிராமுக்கு மேற்படக் கூடாதென்பது உலக சுகாதார நிறுவனத்தின் வரம்பு. கொதிக்க வைத்தாலும் ஈயம் போகாது. ஆகவே காலையில் முதலில் வரும் நீரை வாளியில் பிடித்து முற்றம் கழுவ எடுங்கள். குழந்தையின் பால்மாவுக்கு அதன் பின் வரும் நீரைப் பிடியுங்கள்.

இன்றைக்கே சமையலறைக் குழாயின் மூட்டைக் கையால் தடவிப் பாருங்கள். வெள்ளைப் பொடி ஒட்டினால், அடுத்த மாதச் செலவில் ஒரு குழாய்க்கும் இடம் வையுங்கள்.