முதன்முறை ஆழ்கடல் செல்வோர்க்கு



திருகோணமலை மாவட்டத்துக் கிளிவெட்டி ஒரு வயலூர். அல்லைக் குளத்து நீரை நம்பி நெல் விளைவிக்கும் மக்கள் வாழும் மண் அது. வடக்கே கொட்டியாரக் குடா பரந்து கிடந்தபோதிலும், அவ்வூராரிற் பலருக்குக் கடல் என்பது மூதூர்த் துறையிலிருந்து திருகோணமலைப் பட்டினத்துக்குச் செல்லும் நீர்வழியாக மட்டுமே நெடுங்காலம் இருந்து வந்தது. கடலிற் போய் மீன் பிடித்தல் வேறொருவர் தொழில் என்பதே அவர்கள் எண்ணம்.

இன்று அந்நிலை மாறி வருகின்றது. 2009 ஆம் ஆண்டிலே போர் ஓய்ந்த பின்னர்க் கடலுக்கு இருந்த தடைகள் தளர்ந்தன. உப்புவெளியிலும் நிலாவெளியிலும் படகை நாட்கூலிக்கு அமர்த்திக்கொண்டு, நண்பர் நால்வர் ஐவராகச் சேர்ந்து ஆழ்கடலில் தூண்டில் போட்டு வரும் வழக்கம் பரவியிருக்கின்றது. வெளிநாட்டிலிருந்து விடுமுறைக்கு வரும் உறவினரும் இதனை விரும்புகின்றனர். அவ்வாறு முதன்முறையாகப் புறப்படும் வயலூர் அன்பர்களை மனத்திற்கொண்டு சில கருத்துக்களை இன்று எடுத்துக் கூற விழைகின்றேன்.

முதலிற் காலத்தைப் பார்ப்போம். உழவனுக்குப் பருவம் எப்படியோ, கடலோடிக்கும் அப்படியே. கிழக்குக் கரையிலே நவம்பர் முதல் பெப்ரவரி வரை வடகீழ்ப் பருவக்காற்று வீசுகின்றது. அக்காலத்தில் அலை நேரே கரையை நோக்கி வரும். மழையும் புயலும் அந்நாட்களுக்கே உரியன. 1659 ஆம் ஆண்டு நவம்பரில் சோழமண்டலக் கரையிலே புயலிற் சிக்கிப் பாய்மரத்தை இழந்த ஆங்கிலக் கப்பலொன்று, பழுது பார்ப்பதற்காகவே கொட்டியாரக் குடாவை வந்தடைந்தது. அதில் வந்த இறொபேட் நொக்ஸ் என்பார் 1660 இற் சிறைப்பட்டு, ஏறத்தாழ இருபது ஆண்டுகள் கண்டியரசிலே கழித்த வரலாற்றை நேயர்கள் அறிவீர்கள். 1964 டிசம்பரில் தனுஷ்கோடியை அழித்த புயலும், 1978 நவம்பர் 23 இல் மட்டக்களப்பைச் சிதைத்த புயலும், 2020 டிசம்பர் 2 இல் திருகோணமலைக்கு வடக்கே கரையேறிய புரெவிப் புயலும் இப்பருவத்திலேயே வந்தவை. ஆகவே முதற் பயணத்துக்கு இம்மாதங்களை அறவே நீக்கிவிடுதல் நன்று. ஏப்ரல் தொடங்கிச் செப்டெம்பர் வரையுள்ள காலமே கிழக்குக் கடல் பொதுவாக அமைதியாய் இருக்கும் காலம்.

அந்த அமைதியிலும் ஒரு மறைபொருள் உண்டு. தென்மேற்குப் பருவத்திலே மேற்கிலிருந்து கச்சான் காற்று வீசும். நிலத்தைக் கடந்து வரும் அக்காற்றுக் கரையோரத்தில் அலையை எழுப்புவதில்லை. நீர் கண்ணாடி போலக் கிடக்கும். கரையில் நிற்பவர், "இன்று கடல் நல்ல கடல்" என்பார். ஆனால் வெளியே செல்லச் செல்லக் காற்றுக்குத் தடையின்மையால் அலை வளரும். அதனினும் முக்கியமானது ஒன்று: அது கரையிலிருந்து கடலை நோக்கி வீசும் காற்று. இயந்திரம் நின்றுவிட்ட படகை அது கரைக்குக் கொண்டுவராது. வங்கக் கடலின் நடுவே தள்ளிக்கொண்டு போகும். கரைநோக்கி வீசும் காற்றை அஞ்சுபவர் பலர்; கரையை விட்டு வீசும் காற்றை அஞ்சுபவர் சிலர். கடலோடிகள் இரண்டையும் அஞ்சுவர்.

எனவே புறப்படுதற்கு முந்திய நாள் மாலையும், புறப்படும் நாள் விடியலிலும் வளிமண்டலவியல் திணைக்களத்தின் கடற்பிரதேச அறிக்கையைக் கேட்டல் வேண்டும். வானொலியில் அதனை வாசிக்கும்போது, பொத்துவில், மட்டக்களப்பு, திருகோணமலை, காங்கேசன்துறை எனக் கரையோரப் பகுதிகள் வரிசையாக வரும். நமக்கு உரியது எதுவெனக் காது கொடுத்துக் கேட்க வேண்டும். காற்று எத்திசையிலிருந்து வீசும், மணிக்கு எத்தனை கிலோமீற்றர் வேகம், இடையிடையே எவ்வளவு வரை அதிகரிக்கும் என்னும் மூன்றையும் குறித்துக்கொள்க. மணிக்கு ஐம்பது கிலோமீற்றருக்கு மேற் காற்று வலுக்கக்கூடும் என்று சொல்லப்படும் நாளிலே சிறு படகிற் புதியவர் செல்லலாகாது. ஏப்ரலிலும், மீண்டும் செப்டெம்பர், ஒக்டோபரிலும் பிற்பகலில் இடியும் மின்னலும் வருவது வழக்கம். திறந்த கடலில் மின்னலுக்கு உயர்ந்து நிற்கும் பொருள் படகு ஒன்றே. அக்காலத்தில் விடியுமுன் சென்று நண்பகலுக்குள் கரை சேர்தலே அறிவுடைமை.

இனி, இடத்தைப் பற்றி ஒரு சொல். திருகோணமலைக் கடல் ஏனைய கரைகளைப் போன்றதன்று. இங்கே கண்டமேடை மிக ஒடுங்கியது. மேலும், குடாவின் உள்ளிருந்தே தொடங்குகின்ற கடலடிப் பள்ளத்தாக்கு ஒன்று வெளியே செல்லச் செல்லத் தாழ்ந்து, மூவாயிரம் மீற்றர் ஆழத்தையும் எட்டுகின்றது. திருக்கோணேச்சரம் அமைந்த சுவாமிமலையிலிருந்து நோக்கினால், நீலத் திமிங்கிலங்களும் பேருருவத் தலையுடைய எண்ணெய்த் திமிங்கிலங்களும் நீர் பீய்ச்சுவதைச் சில மாதங்களிற் காணலாம். அவ்வளவு பெரிய உயிர்கள் கரைக்கு அண்மையில் வருவதற்கு இவ்வாழமே காரணம். ஏனைய இடங்களில் நெடுந்தூரம் சென்று காணும் சூரையும் அறுக்குளாவும் பாரையும் இங்கே குறுகிய ஓட்டத்திற் கிட்டுதலும் இதனாலேயே. ஆனால் அதே காரணத்தால், ஒரு மணிநேரத்துக்குள்ளாகவே நங்கூரம் தரையைத் தொடாத நீரிற் படகு நிற்கும். நங்கூரம் பயன்படாத இடத்தில் இயந்திரமே உயிர் என்பதை மறத்தலாகாது.

ஆதலின் படகை அமர்த்துமுன், படகோட்டியாகிய தண்டையலிடம் சில வினாக்களை நாணமின்றிக் கேட்க வேண்டும். இயந்திரம் ஒன்றா, இரண்டா? ஒன்றாயின் துடுப்பும் உதிரிப் பாகங்களும் உண்டா? எரிபொருள் எவ்வளவு? மூன்றில் ஒரு பங்கு போவதற்கு, ஒரு பங்கு வருவதற்கு, எஞ்சிய பங்கு எதிர்பாராதவற்றுக்கு என்பது கடலோடிகளின் நல்ல கணக்கு. உயிர்காப்பு அங்கிகள் ஆளுக்கொன்று வீதம் உண்டா? அவை பெட்டியிற் கட்டி வைக்கப்பட்டிருக்கின்றனவா, அணியத்தக்க நிலையில் இருக்கின்றனவா? எத்தனை பேரை ஏற்றுவீர்? இவற்றுக்கெல்லாம் முகஞ்சுளிக்காமல் விடை சொல்லும் தண்டையலே நாம் நம்பத்தக்கவர்.

அங்கியைப் பற்றிச் சற்று அழுத்தியே கூற வேண்டியிருக்கின்றது. 2021 நவம்பர் 23 ஆந் திகதி கிண்ணியாவின் குறிஞ்சாக்கேணியில், பாலம் கட்டப்படும் காலத்துக்கென விடப்பட்டிருந்த மிதவை கவிழ்ந்து, பள்ளிப் பிள்ளைகள் உட்படப் பலர் உயிரிழந்தனர். அது ஆழ்கடலன்று, கரைகள் இரண்டும் கண்ணுக்குத் தெரியும் களப்பு நீர். கரை தெரியும் நீரிலேயே இந்நிலை எனின், கரை மறையும் நீருக்குச் செல்பவர் அங்கியை இருக்கைக்கு அடியில் வைத்துக்கொண்டு செல்வதை என்னென்பது! நீந்தத் தெரியும் என்பது விடையாகாது. குளத்தில் நீந்துதல் வேறு. அலையில், உடுத்த உடையோடு, அச்சத்தோடு நீந்துதல் வேறு. கரையிலேயே அங்கியை அணிந்து, வார்களை இறுக்கி, அதன் பின்னரே படகில் ஏறுக.

பயணத்துக்கு முந்திய இரவு நன்றாக உறங்க வேண்டும். மது கூடாது. விடியலில் வெறும் வயிறும் ஆகாது, நிறைந்த வயிறும் ஆகாது. இரண்டு இடியப்பமோ சிறிது பாணோ போதும். எண்ணெய்ப் பண்டங்களையும் தயிரையும் திரும்பி வந்த பின் உண்ணலாம். கடல் மயக்கம் வருவது கோழைத்தனத்தால் அன்று. காதின் உட்பகுதி உடலின் அசைவை உணர்கின்றது. படகினுள்ளே நோக்கியிருக்கும் கண்ணோ அசைவில்லை என்கின்றது. இவ்விரண்டும் முரண்படும்போது மூளை குழம்ப, குமட்டல் உண்டாகின்றது. ஆகவே தொடுவானத்தை நோக்குக. அசைவு குறைந்த படகின் நடுப்பகுதியில், பின்புறம் சார்ந்து அமர்க. எரிபொருட் புகையிலிருந்து விலகுக. இஞ்சி சிலருக்கு உதவும். மாத்திரை வேண்டுமாயின் மருத்துவரைக் கேட்டுப் புறப்படுமுன்னரே உட்கொள்ள வேண்டும். மயக்கம் தொடங்கிய பின் உண்பதாற் பயன் குறைவு.

ஆளுக்கு மூன்று லீற்றர் குடிநீர், நீண்ட கையுள்ள பருத்திச் சட்டை, நாடாவுள்ள தொப்பி, தூண்டில் நரம்பு கையை அறுக்காதிருக்கக் கையுறை ஆகியன கொண்டு செல்க. தேசிய அடையாள அட்டையையும் தொலைபேசியையும் நீர் புகாத பையில் வைத்துக்கொள்க. வெகுதூரம் சென்றால் தொலைபேசிக்கு அலை கிடைக்காது. எனவே எங்கே செல்கின்றோம், எத்தனை மணிக்குத் திரும்புவோம், அந்நேரத்துக்குத் திரும்பாவிடின் யாருக்கு அறிவிக்க வேண்டும் என்பவற்றை வீட்டில் ஒருவரிடம் எழுதிக் கொடுத்துவிட்டே புறப்பட வேண்டும். இச்சிறு கடதாசித் துண்டு, கடலிலுள்ளவருக்குக் கரையில் இருக்கும் கயிறு.

தூண்டிலைக் கையாளும் முறையை அங்கேயே கற்றுக்கொள்ளலாம். ஒன்றை மட்டும் முன்னரே அறிந்திருத்தல் நலம்: தங்கூசி நரம்பை ஒருபோதும் கையிலோ விரலிலோ சுற்றிப் பிடித்தலாகாது. ஓடும் படகின் பின்னே இழுபடும் தூண்டிலை ஒரு பெரும் பாரை கவ்வினால், சுற்றிய விரலை மீட்டல் அரிது. ஏறிய மீன் எதுவாயினும் தண்டையல் பார்த்துச் சொல்லும் வரை அதனைத் தொடாதிருக்க. திருக்கையின் வாலிலும் கெளிற்றின் செட்டையிலும் நஞ்சுள்ள முள் உண்டு. குத்திவிட்டால் காயத்தைப் பொறுக்கத்தக்க சுடுநீரில் அமிழ்த்தி வைத்தல் வலியைத் தணிக்கும். பின்னர் மருத்துவரிடம் செல்ல வேண்டும். பேத்தை மீனை வீட்டுக்கே கொண்டு வருதல் கூடாது. அதன் நஞ்சு சமைப்பதால் அழிவதன்று.

பிடித்த மீனைப் பேணுதலும் அறியத்தக்கது. சூரையை வெயிலிற் போட்டு வைத்தால், அதன் தசையிலே பற்றீரியாக்களின் வேலையால் ஹிஸ்ரமீன் என்னும் பொருள் உண்டாகும். முகம் சிவத்தல், தலையிடி, உடல் தடித்தல் என்பன அதனால் வருவன. அதுவும் கொதிக்க வைப்பதால் நீங்காது. ஆகவே பிடித்தவுடன் குருதியை வடித்துப் பனிக்கட்டியில் இடுக. நம் வெப்பத்துக்கு மீனின் நிறைக்கு நிகரான நிறை பனிக்கட்டி வேண்டும். வேண்டிய அளவுக்கு மேல் பிடியாதிருத்தல் அதனினும் சிறந்தது.

சட்டத்தையும் மதித்தல் வேண்டும். புறாத்தீவு 2003 முதல் தேசியப் பூங்கா. அதன் எல்லைக்குள் மீன் பிடித்தல் ஆகாது. ஆமை, ஓங்கில், திமிங்கிலம் என்பன காக்கப்பட்ட உயிர்கள். உடலளவு நீண்ட வாலையுடைய சுறா இனத்தைப் பிடித்தல் 2012 முதல் தடுக்கப்பட்டுள்ளது. தூண்டிலில் அகப்பட்டால் உயிரோடு விடுவித்தல் வேண்டும்.

நிறைவாக, இவையெல்லாவற்றினும் மேலான ஓர் ஆயத்தம் உண்டு. அது மனத்தின் ஆயத்தம். என் முதற் பயணத்தை நினைவு கூர்கின்றேன். நாங்கள் ஐவர் பல வாரம் பணம் சேர்த்துப் படகொன்றை அமர்த்தியிருந்தோம். விடியுமுன் புறப்பட்டோம். கரை விளக்குகள் மங்கிய வேளையில் முதிய தண்டையல் மேற்கு வானத்தைச் சற்று நேரம் நோக்கினார். பின்னர் ஒன்றும் பேசாமற் படகைத் திருப்பினார். எங்களுக்கோ சினம் பொங்கியது. கடல் அமைதியாகவே இருந்தது. "ஐயா, காசு கொடுத்தது திரும்பிப் போகவா?" என்று எங்களில் ஒருவர் கேட்டார். "தம்பி, காசை நாளைக்கும் தரலாம்" என்றார் அவர். நாங்கள் கரையேறி ஒரு மணிநேரத்துள் கச்சான் சீறியடித்தது. வெளிக்கடல் வெண்ணுரையாய்த் தெரிந்தது. அன்று நாங்கள் ஒரு மீனும் பிடித்திலோம். ஆனால் அறிய வேண்டியதை அறிந்தோம்.

படகுக்குக் கூலி கொடுக்கும்போது நாம் விலைக்கு வாங்குவது மீனையன்று, கடலையுமன்று. கடலை அறிந்த ஒருவருடைய தீர்ப்பையே வாங்குகின்றோம். அத்தீர்ப்பு, "இன்று வேண்டாம்" என்பதாக இருப்பினும் அதற்குரிய கூலியை மனமுவந்து கொடுத்தல் வேண்டும். கூலி போய்விடுமே என்று தண்டையலை அஞ்சச் செய்பவர், அவரைத் தம் அறிவுக்கு மாறாகக் கடலுக்குத் தள்ளுபவராவர். திரும்பினாலும் கூலி உண்டு என்று முதல்நாளே சொல்லி வையுங்கள். அதன்பின் அவர் வானத்தை மட்டும் பார்த்து முடிவு செய்வார்.

மழை வருமா என்று வானத்தைப் பார்த்து விதைப்பவர் கிளிவெட்டி உழவர். அவருக்கு இது புதிய பாடமன்று. வயலிற் கற்ற பொறுமையைக் கடலுக்கும் கொண்டு செல்வாராயின், அவர் நல்ல மீனோடும் நல்ல நினைவோடும் இல்லம் திரும்புவார்.