ஒற்றியூர் மகிழடி

கும்மிடிப்பூண்டி மின்சார ரயிலில் செல்லும் அன்பர்கள் ஒருமுறையேனும் திருவொற்றியூரில் இறங்கித் தியாகராஜப் பெருமானைத் தரிசிக்க வேண்டும். அங்குத் தலவிருட்சம் மகிழமரம்.

சங்கிலியாரை மணக்க விழைந்த சுந்தரர், 'உன்னைப் பிரியேன்' எனச் சபதம் செய்யும் வேளையில் மட்டும் சந்நிதி நீங்கி மகிழின்கீழ் எழுந்தருளுமாறு இறைவனிடம் வேண்டினார். இறைவனோ சங்கிலியாரின் கனவில் தோன்றி, மகிழடியிலேயே சபதம் பெறச் சொல்லிவிட்டார்! பின்னர் ஆரூரை நினைந்து சபதம் மீறி எல்லை கடந்த சுந்தரருக்குக் கண்ணொளி மறைந்தது. அவருக்கு ஊன்றுகோல் கிடைத்த திருவெண்பாக்கமும் நம் திருவள்ளூர்ப் பக்கமே. பழைய தலம் பூண்டி நீர்த்தேக்கத்தில் அமிழ்ந்துவிட, ஆலயம் பூண்டியில் மீண்டும் எழுந்தது.

மகிழ் என்றும் பசுமை மாறாதது. நட்சத்திரம் போன்ற சிறு பூக்கள் வைகறையில் உதிர்ந்து கிடக்கும். சருகான பின்னும் மணம் போகாது. பழம் முதிர்ந்தால் செம்மஞ்சள் நிறம். துவர்ப்பு கலந்த இனிப்பு, மாவு போன்ற சதை. சிறுவயதில் நாங்கள் பொறுக்கித் தின்றதுண்டு. உள்ளே பெரும்பாலும் பளபளக்கும் ஒற்றை விதை. அதனை உலரவிடாமல் புதிதாகவே விதைத்தல் நலம். இளங்கன்றுக்குச் சற்று நிழலும், நீர் தேங்காத மண்ணும் தேவை. வளர்ச்சி மிக மெதுவானது.

வங்கிப் பணியில் ஓய்வு பெற்ற ஆண்டு வாசலில் ஒரு கன்று நட்டேன். "இது பூக்கும்போது நாம் இருப்போமா?" என்றாள் மனைவி. நீண்டகால வைப்புநிதி என்று எண்ணிக்கொள் என்றேன். 6 ஆண்டுகளாயின. லாரிகள் எழுப்பும் புழுதியிலும் என்னைவிட உயர்ந்து நிற்கிறது. பூ இன்னும் இல்லை. மகன் கார் நிறுத்த அந்த இடத்தைக் கேட்டான். மதில்சுவரை வேண்டுமானால் இடித்துக்கொள் என்று சொல்லிவிட்டேன்.