உளவுத் தரவைக் கடத்தும் செயற்கைக்கோள்கள்

நடுக்கடலில் எதிரி நீர்மூழ்கியின் தடயத்தைக் கண்காணிப்பு விமானம் கண்டறிந்தாலும், அந்தத் தகவல் கரையிலுள்ள தலைமையகத்தை உடனடியாக எட்டாவிட்டால் அதன் மதிப்பு நிமிடத்துக்கு நிமிடம் குறைகிறது. மிகுந்த தரவைச் சுமக்கவல்ல உயர் அதிர்வெண் ரேடியோ அலைகள் நேர்கோட்டில் செல்பவை. புவியின் வளைவு அவற்றைத் தொடுவானத்துக்கு அப்பால் செல்லவிடுவதில்லை. ஆகவேதான், நிலநடுக்கோட்டுக்கு மேல் ஏறத்தாழ 36,000 கி.மீ. உயரத்தில், புவியின் சுழற்சியோடு இணைந்து சுற்றுவதால் வானில் ஒரே இடத்தில் நிற்பதுபோல் தோன்றும் புவிநிலைச் செயற்கைக்கோளின் துணை தேவைப்படுகிறது. அதிலுள்ள டிரான்ஸ்பாண்டர் என்னும் கருவி, கீழிருந்து வரும் வலுக்குன்றிய சமிக்ஞையைப் பெற்று, அதிர்வெண்ணை மாற்றி, வலுவூட்டித் திருப்பி அனுப்புகிறது; போகவும் வரவுமான பயணத்துக்குக் கால் விநாடியே ஆகிறது.

இந்தியக் கடற்படைக்கென உருவான முதல் செயற்கைக்கோளான ஜிசாட்-7, 2013 ஆகஸ்ட் 30 அன்று பிரெஞ்சு கயானாவிலிருந்து ஏரியன்-5 ராக்கெட்டில் ஏவப்பட்டது. நீர்மூழ்கிகளைத் தேடும் பி-8ஐ விமானங்களில் முதலாவது, அதே ஆண்டு மே மாதத்தில்தான் அரக்கோணத்திலுள்ள ஐ.என்.எஸ். ராஜாளி தளத்துக்கு வந்திருந்தது. கண்ணும் அது கண்டதைச் சொல்லும் வாயும் ஒரே ஆண்டில் வாய்த்தது கடற்படைக்குப் பெரும் வலிமையாயிற்று. விமானப்படைக்கான ஜிசாட்-7ஏ 2018 டிசம்பர் 19 அன்றும், கடற்படைக்காக ஏறத்தாழ 4,400 கிலோ எடையுள்ள சிஎம்எஸ்-03 2025 நவம்பர் 2 அன்றும் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்தே ஏவப்பட்டன. இத்தகைய புவிநிலைச் செயற்கைக்கோள்களைத் தத்தம் இடத்திலிருந்து விலகாமல் காப்பது, மைசூருக்கு வடமேற்கே ஹாசனில் இயங்கும் இஸ்ரோவின் முதன்மைக் கட்டுப்பாட்டு நிலையத்தின் பணியாகும்.

ஆனால், படமெடுக்கும் செயற்கைக்கோள்களின் நிலை வேறு. ஏறத்தாழ 500 கி.மீ. உயரத்தில் ஒன்றரை மணி நேரத்துக்கு ஒருமுறை புவியைச் சுற்றும் அவை, ஒரு தரைநிலையத்தின் பார்வையில் ஒவ்வொரு முறையும் சில நிமிடங்களே இருப்பதால், எடுத்த படம் நினைவகத்தில் காத்துக்கிடக்க நேர்கிறது. பாராசூட்டில் இறங்கும் ஃபிலிம் சுருள்களை விமானங்களால் நடுவானில் பிடித்துவந்த அமெரிக்கா, 1976 ஜூனில் பிற செயற்கைக்கோள்களின் தரவை வாங்கித் தரைக்குக் கடத்தும் எஸ்டிஎஸ் என்னும் அஞ்சல் செயற்கைக்கோளையும் டிசம்பரில் மின்னணுமுறையில் படமனுப்பும் கேஎச்-11ஐயும் ஏவி இந்தத் தாமதத்தைக் கடந்தது. மனிதரை விண்ணுக்கு அனுப்பும் ககன்யான் பயணத்தின் வீரர்களுடனான தொடர்பை முதன்மையாகக் கருதி இஸ்ரோ வகுத்துள்ள தரவு அஞ்சல் செயற்கைக்கோள் திட்டத்தில், எல்லையைக் கண்காணிக்கும் செயற்கைக்கோள்களுக்கும் அதே முன்னுரிமை அளிக்கப்பட வேண்டும்.