ரேடான் வாயுவும் நம் வீட்டுச் சாளரமும்

ஓட்டப்பிடாரம் வட்டாரத்திலிருந்து நுரையீரல் புற்றுநோய்ச் சிகிச்சைக்கு வரும் தாய் ஒருவரின் மகன், அமெரிக்காவிலிருந்து தொலைபேசியில் என்னிடம் கேட்டார்: "அம்மா புகையிலையைத் தொட்டதே இல்லை. நான் இங்கே வீடு வாங்கியபோது ரேடான் சோதனை செய்தார்கள். ஊரில் எங்கள் வீட்டிலும் அந்த வாயு இருந்திருக்குமோ, டாக்டர்?" இந்த ஐயம் பிற குடும்பங்களுக்கும் எழக்கூடும் என்பதால் இங்கே சற்று விரிவாக எழுதுகிறேன்.

பாறையிலும் மண்ணிலும் மிகச் சிறிதளவு யுரேனியம் உண்டு. அது படிப்படியாகச் சிதையும்போது தோன்றும் வாயுவே ரேடான். அதற்கு நிறமில்லை, மணமில்லை. திறந்த வெளியில் காற்றோடு கலந்து நீர்த்துவிடும். தரை விரிசல் வழியே மூடிய அறைக்குள் புகுந்தால் அங்கேயே செறிவடையும். அதிலிருந்து உண்டாகும் கதிரியக்கத் துகள்கள் மூச்சுக்குழாயின் உட்சுவரில் படிந்து, பல ஆண்டுகள் கழித்துப் புற்றுநோய்க்கு வித்திடலாம்.

1984 டிசம்பரில் பென்சில்வேனியா மாநிலத்து அணுமின் நிலையம் ஒன்றில், ஸ்டான்லி வாட்ரஸ் என்ற பொறியாளர் பணிக்கு உள்ளே நுழையும்போதே கதிர்வீச்சு எச்சரிக்கை மணி ஒலித்தது. நிலையமோ இன்னும் மின் உற்பத்தியைத் தொடங்கியிருக்கவில்லை. கதிரியக்கம் அவருடைய வீட்டிலிருந்து வந்திருந்தது! அங்கு ஒரு கன மீட்டர் காற்றில் ஏறத்தாழ 1 லட்சம் பெக்கரல் ரேடான் இருந்தது. உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைக்கும் அளவு 100. அது இயலாத நாடுகளிலும் 300-ஐத் தாண்டலாகாது.

குளிர்நாட்டு வீடுகளில் நிலவறை உண்டு; சாளரங்கள் மாதக்கணக்கில் அடைத்தே கிடக்கும். நம் வீடுகளின் நிலை வேறு. கோடையில் கரிசல் பாளம் பாளமாக வெடிக்கும். அவ்வழியே வாயு மேலெழலாம். எனினும் கதவு திறந்து காற்றோடும் வீட்டில் அது தங்குவது அரிது. தமிழகத்தில் இயற்கைக் கதிரியக்கம் மிகுந்த இடம் என்றால் கன்னியாகுமரி மாவட்டத்து மணவாளக்குறிச்சிக் கடற்கரையைத்தான் முதலில் சொல்ல வேண்டும். அங்குள்ள மோனசைட் மணலில் தோரியம் இருக்கிறது. நம் கரிசல் அத்தகைய மண்ணன்று.

எனக்குக் கவலை தருவது புதிய பழக்கம் ஒன்றே. குளிர்சாதனப் பெட்டி பொருத்திய படுக்கையறையை இரவும் பகலும் அடைத்தே வைக்கிறோம். சுவரில் பொருத்தும் அந்தப் பெட்டி அறைக்காற்றையே திரும்பத் திரும்பக் குளிர்விக்கிறது; வெளிக்காற்றைக் கொணர்வதில்லை. காலையும் மாலையும் எதிரெதிர்ச் சாளரங்களைத் திறந்து வையுங்கள். தரை விரிசல்களைச் சிமெண்ட் பூசி அடையுங்கள்.

இரத்தப் பரிசோதனையிலோ ஸ்கேனிலோ ரேடான் தெரியாது; அளக்க வேண்டியது வீட்டுக் காற்றை. பாபா அணு ஆராய்ச்சி மையம் இதற்கெனச் சிறு கருவிகளை வடிவமைத்துள்ளது. இவ்வகைக் கருவியின் உள்ளிருக்கும் படச்சுருளை ஏறக்குறைய மூன்று மாதம் அறையில் தொங்கவிட்டு ஆராய்வார்கள்.

அந்த மகனுக்கு நான் சொன்ன விடை இதுதான். ஒருவருக்கு வந்த புற்றுநோயைப் பார்த்து அதன் காரணத்தை அறுதியிட்டுச் சொல்ல மருத்துவத்தால் இயலாது. ஆனால் முப்பது, நாற்பது ஆண்டுகள் சாளரமற்ற அடுப்படியில் பருத்திமாரும் சீமைக்கருவேல விறகும் எரித்தவரிடம், ரேடானைப் பற்றிக் கேட்குமுன் அந்தப் புகையைப் பற்றித்தான் நான் கேட்பேன். விறகுப் புகையைப் புற்றுநோய் உண்டாக்கக்கூடியவற்றின் பட்டியலில் உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சி முகமை வைத்துள்ளது. இதில் அந்தத் தாயின் பிழை எதுவுமில்லை. மகன் தன்னை நொந்துகொள்ளவும் வேண்டியதில்லை. எரிவாயு உருளை வந்த பின்னும் வெந்நீருக்கென்று விறகடுப்பு எரிகிறதென்றால், அதை முற்றத்துக்கு மாற்றுங்கள்.

பீடி பிடிப்போர் வீட்டில் ரேடானும் சேர்ந்தால் தீங்கு பெருகுகிறது. ரேடானால் புகைப்பவருக்கு நேரும் ஆபத்து, புகைக்காதவருக்கு நேர்வதைப்போல் ஏறத்தாழ 25 மடங்கு என உலக சுகாதார நிறுவனம் மதிப்பிடுகிறது.

ரேடானைச் சுவாசித்தால் உடனே இருமல் வராது. ஆகவே இரண்டு வாரத்துக்கு மேல் நீடிக்கும் இருமலையோ, சளியில் காணும் இரத்தத்தையோ வீட்டுக் காற்றின் மேல் பழிபோட்டுத் தள்ளிப்போடாதீர்கள். அருகிலுள்ள அரசு மருத்துவமனையில் காசநோய்க்கான சளிப் பரிசோதனை இலவசம். அதைச் செய்துகொண்டு, எக்ஸ்ரே படத்துடன் எங்களிடம் வாருங்கள்.