ஞாயிற்றுக்கிழமை பத்தரை மணிப் பசி

திருவல்லிக்கேணி மேன்ஷன்வாசிகளுக்கு ஞாயிற்றுக்கிழமை பகலில் இரண்டு வேளைச் சாப்பாடு கிடையாது. பத்தரை மணிக்கு ஒரே வேளைதான். சனிக்கிழமை இரண்டாம் ஆட்டம் பார்த்துவிட்டு வந்து படுத்தவன் எட்டரைக்கு எழுந்து, குழாயில் தண்ணீர் நிற்பதற்குள் சட்டைகளை அலசி மொட்டைமாடிக் கொடியில் போட்டு, பக்கத்து அறைக்காரரின் பேப்பரை ஓசியில் படித்து முடித்தால் பத்து அடித்திருக்கும். எங்கள் மேன்ஷனில் அடுப்பு மூட்ட அனுமதி இல்லை. அந்த நேரத்தில் வயிறு முட்டச் சாப்பிட்டால் மதியச் செலவு மிச்சம். சாயங்காலம் பஜ்ஜியும் டீயும் போதும். இன்று நட்சத்திர ஓட்டல்களில் ஞாயிறு காலையையும் மதியத்தையும் ஒரே விருந்தாக்கி ஆயிரக்கணக்கில் பில் போடுகிறார்கள். நாங்கள் காசு மிச்சம் பிடிக்கச் செய்த காரியம் அது.

எங்கள் கூட்டம் போகும் இடம் ரத்னா கஃபே. அந்தச் சாலைக்குக் காயிதே மில்லத் பெயர் வைத்தாயிற்று. பேட்டைக்காரர்கள் இன்னமும் ‘ஹைரோடு’ என்றுதான் சொல்வார்கள். கடை 1948-ல் தொடங்கியது. தொடங்கியவர்கள் வடக்கிலிருந்து வந்த குப்தா குடும்பத்தார். சென்னையில் சாம்பாருக்குப் பேர்போன கடை வடநாட்டார் கடை என்று கேட்டபோது கும்பகோணத்துக்காரனான எனக்குக் கொஞ்சம் ரோஷம் வந்தது. முதல் தட்டிலேயே அது அடங்கிவிட்டது.

சாம்பார் இட்லிக்கு ஒரு முறை இருக்கிறது. தட்டு வந்ததும் பிய்த்துக் குழப்பக் கூடாது. ஸ்பூன் முனையால் இட்லியை நாலாகக் கீறிவிட்டு ஒரு நிமிஷம் சும்மா இருக்க வேண்டும். மேலே மிதக்கும் சாம்பார் ஓரங்களில் மெல்ல இறங்கும், தட்டின் மட்டம் குறையும். அதைத் தூரத்திலிருந்தே கவனித்து சப்ளையர் ஜக்கோடு வந்துவிடுவார். “இன்னும் ஊத்தட்டுமா சார்?” என்பது கேள்வியே அல்ல, கேட்கும்போதே ஊற்றிவிட்டிருப்பார். பதினாலு குட்டி இட்லிகளைக் கிண்ணத்தில் மிதக்க விடுகிறார்களே, அது எனக்கு ஒப்பாது. குட்டி இட்லி சீக்கிரம் ஊறி ஒரே பதமாகிவிடும். பெரிய இட்லியில் ஓரம் குழைந்தும் நடு வெள்ளையாகவும் இருக்கும். ஒவ்வொரு வாயும் வேறு வேறு.

டிபன் சாம்பார் வேறு, சாப்பாட்டு சாம்பார் வேறு. சோற்றுக்கு ஊற்றும் சாம்பாரில் புளி தூக்கலாக இருக்க வேண்டும், கெட்டியாகவும் இருக்கலாம். இட்லிக்குப் புளி அடங்க வேண்டும். பருப்பு நன்றாகக் குழைந்து, தண்ணீர் விட்டு இளக்கியிருக்க வேண்டும். சிலர் துவரம்பருப்போடு பாசிப்பருப்பும் சேர்ப்பார்கள், துளி வெல்லமும் போடுவார்கள். கெட்டி சாம்பார் இட்லிக்குள் இறங்காமல் மேலேயே உட்கார்ந்துவிடும்.

உள்ளே இறங்க வழி செய்து வைப்பது முந்தின ராத்திரி. புழுங்கலரிசியையும் உளுந்தையும் அரைத்துக் கரைத்து வைத்த மாவில் நுண்ணுயிர்கள் புளிப்பை உண்டாக்கி வாயுவை விடுகின்றன. அந்த வாயு ஓடிப்போகாமல் பிடித்து வைப்பது உளுந்தின் கொழகொழப்பு. வேகும்போது அதுவே கண்ணுக்குத் தெரியாத ஓட்டைகளாக நின்றுவிடும். சென்னை வெக்கை இந்த வேலைக்குத் தோதானது. மார்கழியில் மாவு பொங்க நேரமாகும். உளுந்தைக் கஞ்சத்தனமாகப் போட்ட கடையில் இட்லி சாம்பாரைக் குடிக்காது. அப்படி ஒரு கடை எங்கள் மேன்ஷன் அடியிலேயே இருந்தது. மாசக் கடைசியில் அக்கவுண்ட் வைத்துக்கொள்ளலாம் என்ற ஒரே காரணத்துக்காக அங்கே போவோம்.

டேபிள் கிடைக்காத ஞாயிறுகளில் யார் எதிரில் உட்காருவார்கள் என்று சொல்ல முடியாது. பார்த்தசாரதி கோயிலிலிருந்து நேராக வந்த மாமா, பைகிராப்ட்ஸ் ரோடு பிளாட்பாரத்தில் பழைய புத்தகம் வாங்கிய கையோடு வந்த மாணவன், சேப்பாக்கத்தில் மேட்ச் இருந்தால் முகத்தில் வர்ணம் பூசிய பையன்கள். எந்தச் சாதிக்காரரும் ஒரே டேபிளில் உட்காரும் இது தானாக வந்த வழக்கம் இல்லை. இதே திருவல்லிக்கேணியில் முரளி கஃபே பெயர்ப் பலகையிலிருந்த ‘பிராமணாள்’ என்ற சொல்லை எடுக்கச் சொல்லி 1957-ல் திராவிடர் கழகத்தினர் நாள்தோறும் மறியல் செய்து சிறைக்குப் போனார்கள். அந்தக் காலத்துப் பெரியவர் ஒருவர் எங்கள் மேன்ஷன் வாட்ச்மேனாக இருந்தார். ஓட்டலில் நடு டேபிளாகப் பார்த்துத்தான் உட்காருவார். ஓரத்து இடம் காலியாக இருந்தாலும் போகமாட்டார்.

எனக்கு மேன்ஷன் வாழ்க்கை முடிந்து பல காலம் ஆகிறது. குடும்பம், அம்பத்தூரில் வீடு, வீட்டில் கிரைண்டர், எல்லாம் உண்டு. என் மனைவி அரைக்கும் மாவுக்கு ஒரு குறையும் சொல்ல முடியாது. ஆனாலும் ஞாயிற்றுக்கிழமை பஸ் ஏறிவிடுகிறேன். “அவ்வளவு தூரம் போய் இட்லியாங்க?” என்று கேட்பாள்; திரும்பி வரும்போது பார்சல் வாங்கிவரச் சொல்லவும் மறக்கமாட்டாள். பார்சலில் சாம்பாரைத் தனியாகக் கட்டச் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் வீடு வருவதற்குள் இட்லி கூழாகிவிடும்.

நீங்கள் போவதானால் எட்டு மணிக்கு முன்போ பத்தரைக்குப் பின்போ போங்கள். இடைப்பட்ட நேரம் குடும்பக் கூட்டம். சாம்பார் வேண்டுமென்றால் கூச்சப்படாமல் கேளுங்கள். காபி குடித்து முடித்த பிறகு டபராவை முன்னால் வைத்துக்கொண்டு செல்போனைத் தடவாதீர்கள். உங்கள் நாற்காலிக்குப் பின்னால் பசியோடு ஒருவர் நிற்பார். எழுந்து இடம் கொடுங்கள்.