செரங்கெற்றிப் புல்வெளியில்

ஆபிரிக்க விலங்குகளைக் குறித்து வகுப்பிலே வினாவினால், அவை அடர்ந்த காட்டினுள் வாழ்வன என்றே மாணவர் பெரும்பாலும் விடை பகர்வர். நாமும் நெடுங்காலம் அவ்வாறே எண்ணியிருந்தோம். தன்சானியா நாட்டின் அறூசா நகரிலே பொறியியலாளராகக் கடமையாற்றும் நம் கல்லூரிப் பழைய மாணவர் ஒருவர் அன்போடு அழைத்தமையால், ஓர் ஆகஸ்ட் விடுமுறையில் அங்குச் சென்று செரங்கெற்றிப் புல்வெளியை ஐந்து நாட்கள் கண்டு மீண்டோம். கண்டவற்றையும், பின்னர் நூல்களிற் படித்து அறிந்தவற்றையும் இம்மலரின் வாசகர்க்கு எடுத்துரைத்தல் தகுமெனக் கருதுகின்றோம்.

சபாரி என்னுஞ் சொல்லைக் கேட்டதும் துப்பாக்கியும் வேட்டைத் தொப்பியும் நினைவுக்கு வருதல் இயல்பே. ஆயினும் பயணம் எனப் பொருள்படும் அரபுச் சொல்லின் வழியாகச் சுவாகிலி மொழியிற் புகுந்த இச்சொல் வேட்டையைக் குறிப்பதன்று. பஸ்ஸிலே அடுத்த ஊருக்குப் போவதும் அவர்களுக்குச் சபாரியேயாம். செரங்கெற்றி என்பதோ மசாய் மொழியிலிருந்து வந்தது. முடிவின்றி விரியும் நிலம் என்பது பொருள். 1951இல் நிறுவப்பெற்று, 1981இல் உலக மரபுரிமைப் பட்டியலிற் சேர்க்கப்பட்ட இவ்வனத்தின் பரப்பு 14,763 சதுர கிலோமீற்றர். நம் வட மாகாணத்தைப்போல ஒன்றரை மடங்கிலும் அதிகம் என்றால் அளவு விளங்கும்.

இங்கொரொங்கோரோ மலைச்சாரலிலிருந்து இறங்கித் தென் சமவெளியை அடைந்தபோது எமக்கு நேர்ந்தது பெரும் ஏமாற்றமே. கண்ணுக்கெட்டிய தூரம் மரமில்லை, விலங்குமில்லை, புழுதியும் காற்றுமே எம்மை எதிர்கொண்டன. சாரதியாகவும் வழிகாட்டியாகவும் வந்த முதியவர் சிரித்தார். பெப்ரவரியில் வந்திருந்தால் வண்டியை நகர்த்தவும் இடமிராது என்றார். மழைக்காலத்து முல்லையே கோடையில் இயல்பு திரிந்து பாலையாதலை ஆண்டுதோறும் கற்பிக்கும் எமக்கு, அதனை நேரிற் காண இத்துணைத் தூரம் செல்லவேண்டியதாயிற்று.

அச்சமவெளியின் இரகசியம் மண்ணிலே உளது. அயலிலுள்ள எரிமலைகள் பல்லாயிரம் ஆண்டுகளாகக் கக்கிய சாம்பலே அம்மண். சாம்பலிலுள்ள சுண்ணம் மழைநீரிற் கரைந்து, சிறிது ஆழத்திற் சீமெந்துபோல இறுகிக் கிடக்கின்றது. மரத்தின் வேர் அதனைத் துளைத்து இறங்கமாட்டாது. புல்லுக்கோ மேல்மண்ணே போதும். அப்புல் குட்டையானதாயினும் கல்சியம், பொசுபரசு முதலிய உப்புக்கள் நிரம்பியது. பாலூட்டும் தாய் விலங்குக்கு அதனினும் சிறந்த உணவில்லை. ஆகவேதான் நூ எனவும் வில்டபீஸ்ற் எனவும் வழங்கும் விலங்குகள் யனவரி முதல் மார்ச்சு வரை அங்கே கூடிக் கன்றீனுகின்றன. முன்னுடலால் எருமையையும், தாடியால் ஆட்டையும் ஒத்த இவ்விலங்கு மான்குலத்தைச் சேர்ந்தது என்றால் நம்புதல் அரிது. கன்றுகளிற் பெரும்பாலானவை ஏறத்தாழ மூன்று வாரத்துள் பிறந்துவிடுகின்றன. சிங்கமும் கழுதைப்புலியும் எத்துணை உண்டாலும் அவற்றின் வயிற்றுக்கும் ஓர் எல்லை உண்டன்றோ! ஒருங்கே பிறத்தலே கன்றுகளுக்குக் காவல். பிறந்த சில நிமிடங்களில் எழுந்து நின்று தாயின் பின்னே ஓடத் தொடங்குகின்றன.

மழை நின்றதும் அவ்வெளியிற் குடிக்க நீர் இல்லை. மே, யூன் மாதங்களில் மந்தைகள் வடமேற்கே குருமேற்றி ஆற்றுப் பக்கம் நகர்ந்து, யூலை முதல் ஒக்டோபர் வரை வடக்கே மாரா ஆற்றின் இரு மருங்கும் தங்கி, நவம்பரிற் சிறுமாரி தொடங்கவே தெற்கு நோக்குகின்றன. ஆண்டு முழுதும் வற்றாத ஆறு அப்பிரதேசத்தில் மாரா ஒன்றே. வரிக்குதிரைகளும் உடன் செல்கின்றன. அசைபோடாத வரிக்குதிரை முற்றிய தண்டை மேய, அதன் கீழ் வெளிப்பட்ட இலையை நூ தின்ன, பின்னர் தளிர்க்கும் சிறு புல்லைச் சிறுமான்கள் கறிக்கின்றன. ஒரே வயலில் மூவர் பூசலின்றி உண்ணும் இவ்வொழுங்கைக் கண்டு வியந்தோம்.

சிங்கத்தைப் பற்றி மாணவர் ஆவலோடு கேட்பர். நாம் பதினொரு சிங்கங்களைக் கண்டோம், பதினொன்றும் உறங்கின.

இத்துணைப் பெருக்கமும் தொன்றுதொட்டு இருந்ததன்று. 1880களின் இறுதியில் ஆபிரிக்காவிற் புகுந்த வெக்கை நோய் மாடுகளையும் நூக்களையும் ஒருங்கே அழித்தது. மாட்டையே வாழ்வாகக் கொண்ட மசாய் மக்கள் பட்டினியால் மாண்டனர். அக்காலத்தை அவர் இன்றும் எமுதை, அதாவது அனைத்தையும் துடைத்தழித்த காலம், என்பர். பின்னர் வனத்தைச் சூழ வாழ்ந்தோரின் மாடுகளுக்குத் தடுப்பூசி போடப்பட்டது. நூக்களுக்கு எவரும் ஊசி போடவில்லை. மாடுகளில் நோய் ஒழியவே நூக்களிலும் ஒழிந்தது. 1960களின் தொடக்கத்தில் ஏறத்தாழ 2,50,000 ஆக இருந்தவை, 1970களின் பிற்பகுதியில் 13,00,000 ஆயின. அவை புல்லை மேய்ந்துவிட்டமையாற் காட்டுத்தீ குறைந்தது. தீக் குறையவே மரக்கன்றுகள் தலையெடுத்தன. 2011இல் அந்நோய் உலகிலிருந்தே ஒழிந்ததென அறிவிக்கப்பட்டது.

விலங்குகளை முதன்முதல் விமானத்திலிருந்து எண்ண முனைந்தோர் யேர்மானியரான பேர்ணாட் கிறிசிமெக்கும் அவர் மைந்தர் மைக்கேலும் ஆவர். 1959 யனவரியில், வரிக்குதிரைபோற் கோடு தீட்டிய அவ்விமானத்தில் கழுகு மோதி, 24 வயதே நிரம்பிய மைக்கேல் உயிர்நீத்தார். தந்தையார் முடித்த திரைப்படம் 1960இல் ஒஸ்கார் பரிசு பெற்றது. அதே 1959இலேதான் வனத்தினுள் மாடு மேய்த்துவந்த மசாய் மக்கள் இங்கொரொங்கோரோப் பக்கம் அகற்றப்பட்டனர். எவருடைய மாட்டின் நலத்தால் நூக்கள் பெருகினவோ, அவருடைய மாடுகள் எல்லைக்கு வெளியே நிற்கின்றன. பயணிகளாகிய நாம் கட்டணஞ் செலுத்தி உள்ளே செல்கின்றோம். இவ்வேறுபாடு எமக்கு நீதியாகத் தோன்றவில்லை.

நான்காம் நாள் மாராக் கரையை அடைந்தோம். ஆயிரக்கணக்கான நூக்கள் மேட்டிலே திரண்டு நின்றன. இவ்வாற்றில் ஆண்டொன்றுக்குச் சராசரியாக 6,000க்கு மேற்பட்டவை மூழ்கி இறக்கின்றன என்பதும், அவற்றின் என்பு பல்லாண்டு கரைந்து ஆற்றுக்கே உரமாகின்றது என்பதும் ஆய்ந்தோர் கண்ட உண்மை. மந்தை இறங்கத் தொடங்கியது. இருபதுக்கு மேற்பட்ட வண்டிகள் விரைந்து கரையை நெருங்கின. எமது சாரதி தயங்கினார். படம் நன்றாக அமையவேண்டுமென்று அவரை முன்னே செல்லத் தூண்டியோர் நாமே. வண்டிகள் வழியை அடைக்கவே மந்தையின் பின்பாதி மிரண்டு திரும்பியது. முன்பாதி அக்கரை சேர்ந்துவிட்டது. அக்கரைத் தாய்கள் நீரோரம் வந்து கதற, இக்கரையிற் கன்றுகள் மறுகுரல் கொடுத்தன. ஒரு தாய் மீண்டும் ஆற்றில் இறங்கியது. முதலைகள் இருந்த இடத்தை அது பார்க்கவில்லை; நாம் பார்த்தோம். அது கரையேறியதோ என்பதை, குறுக்கே வந்து நின்ற வண்டியொன்று மறைத்துவிட்டது. சாரதி ஒன்றும் பேசவில்லை.

மறுநாட் காலை அரை மைல் தள்ளி, ஒரு மரநிழலில் வண்டியை நிறுத்தச் சொன்னோம். மந்தை கரைக்கு வந்தது; நின்றது; திரும்பியது; மீண்டும் வந்தது. உச்சிப்பொழுது வரை ஒன்றும் இறங்கவில்லை. திரும்ப வேண்டிய நேரமாகவே சாரதி எஞ்சினை முடுக்கினார்.